இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்

காலையில் ஒழுங்காய்த்தான் ஓடுது என்கிறா
ஜெசீமா டீச்சர்.
கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை ஒரு முறைப்பாடும் இல்லை.
சூடேறினதும் தொடங்குது.
இரண்டை விட்ட கியர் மூன்றைப் பிடிக்காமல்
நடுவில் எங்கேயோ நிற்குது.
இஞ்சின் மட்டும் கத்துது.
பின்னால் வந்த மீன் லொறிக்காரன் ஏசினதையும்
ஓர் அறிகுறியாய்ச் சேர்த்துச் சொன்னா.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கொரோலா,
பழைய ஓட்டோ கியர்.
அநுராதபுரச் சந்தியில் பந்துல பார்த்துவிட்டானாம்.
"பெட்டி முடிஞ்சுது, ஜப்பான் பெட்டி ஒண்டு போடுங்க,
ரெண்டு லட்சத்து எண்பது."
அவன் பொனட்டைத் திறந்தானா என்றேன்.
இல்லை, டயரை உதைத்தானாம்.

இஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லாப் படியிலும் தொட்டுக்
கொண்டுவந்து பார்க்கில் விட்டு
எண்ணெய்க் கம்பியை உருவினேன்.
அளவு சரி.
பழைய கேள்வித்தாள் ஒன்றின் பின்புறம் சொட்டவிட்டேன்:
வெறுந்தேத்தண்ணி நிறம்.
முகர்ந்தேன். அடிப்பிடித்த மணம் இல்லை.
அடித்தட்டைக் கழற்றினால்
காந்தத்தில் சாம்பல் மாதிரி ஒரு பூச்சு,
முப்பது வருடத்துக்கு அது அதிகமில்லை.
துருவல் ஒன்றும் கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால் எனக்கு வேலை லேசு.

தட்டைப் பூட்டி, எண்ணெய் விட்டு,
டீச்சரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.
உப்புவெளி போய், திரும்பி, நன்றாய்ச் சூடேற்றி
கடற்கரை வீதியால் கோட்டைப் பக்கம் மிதித்தேன்.
அவ சொன்னது உண்மைதான்:
மூன்று வரவேண்டிய இடத்தில் வெறும் சத்தம்,
படி தவறிய காலைப் போல.

கோட்டை வாசலில் மான் ஒன்று குறுக்கே வந்தது.
இங்கே மானுக்கு ஹோர்ன் அடிப்பதில்லை.
மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
எடுத்த அந்தக் கணத்தில்
'டக்'.
மூன்று.

மிதித்தால் நழுவுது, விட்டால் பிடிக்குது.
"டீச்சர், பெட்டி சாகேல்லை.
உங்கட கால் எவ்வளவு மிதிக்குது எண்டு
ஆரோ அதுக்குப் பிழையாச் சொல்லிக்கொண்டிருக்கினம்."

சொல்கிறது ஒரு கேபிள்.
காற்றுக்குழாய் வாயிலிருந்து கியர்ப் பெட்டிக்குள் இறங்கும்.
ஓரத்திலேயே நிறுத்தி, கொதிக்கக் கொதிக்கப் பார்த்தேன்,
ஒரு பெருவிரல் அகலத் தளர்வு.
கேபிளை இறுக்கும் கிளிப் இருக்கவேண்டிய இடத்தில்
தங்கூசி.
நாலு சுற்று. மேலே முடிச்சு.
சூட்டில் இளகி, ஆறினால் இறுகி,
காலையில் நல்ல பிள்ளையாய் இருந்திருக்கிறது.

முடிச்சு இடப்பக்கமாய் இழுபட்டிருந்தது.
திருகோணமலையில் இடக்கையால் ஸ்பானர் பிடிக்கிற மெக்கானிக்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

அப்போது இந்தக் கார் வெள்ளை.
மூதூர் சர்வேயர் ஒருவருடையது.
எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாய் நிற்கும்
சீனக்குடாப் பக்கத்திலேயே
நாங்கள் பெட்ரோலுக்கு இரண்டு இரவு படுத்த காலம்.
கொழும்பிலிருந்து கிளிப் வர பஸ் இல்லை.
என் அண்ணனின் தூண்டில் பெட்டி வானுக்குள் கிடந்தது.
"இப்போதைக்கு" என்றேன், "வெள்ளிக்கிழமை மாத்துவம்."
எந்த வெள்ளி என்று நானும் சொல்லவில்லை.
பிறகு யாரோ நீலம் அடித்து விற்றிருக்கிறார்கள்.

பந்துலவின் தலையில் போட்டிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.

"கட்டினது நான்தான்" என்றேன்.
டீச்சர் குனிந்து பார்த்தா.
"நாலு வருஷம் நிண்டிருக்கே" என்றா.
ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.
வெட்டிய தங்கூசியைக் கேட்டு வாங்கி
கைப்பைக்குள் போட்டா.
ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் நடத்துறாவாம்.

கிளிப் முந்நூற்றைம்பது ரூபாய்.
கைக்கூலி எழுதவில்லை.

மறுபடி கொதிக்கவைத்து, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மிதித்தேன்.
இரண்டு, மூன்று,
இடையில் ஒன்றுமில்லை.
நாலுக்குப் போகும்போது மட்டும்
ஸ்டியரிங்கில் ஒரு சின்ன நடுக்கம்.
அவவுக்கும் தெரிந்தது, என்னைப் பார்த்தா.
"இது வேற வருத்தம்" என்றேன்.
"வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க.
வாற வெள்ளி."