முப்பத்தொரு கீறல்

தெற்குக் கொத்தளத்து நிழலில் இருநூறு காம்புகள்.
உசிலை கொஞ்சம், மூங்கில் மிச்சம்.
மூங்கிலுக்குக் கணு சீவினால் போதும்.
உசிலைக்குக் கோபம் ஆற வேண்டும்:
ஒரு கோடை முழுக்க அடுப்புக்கு மேலே பரணில் கிடந்து
புகை குடித்தால்தான் வளையாமல் நிற்கும்.

சொக்கலையும் கூத்தனும் கயிறு இழுக்கக் காம்பு சுழலும்.
நான் அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவேன்.
நெருப்பு வேண்டாம், உரசலே போதும்,
தானே இளகி மரத்தைச் சுற்றிக்கொள்ளும்.
பிறகு முள் நீக்கிய தாழை மடல்.
முதல் தேய்ப்பில் மங்கல்;
மூன்றாவதில் என் மூக்குத்தி அதில் மினுங்கும்.

சிவப்புக்குத்தான் எப்போதும் சண்டை.
சாதிலிங்கம் தொண்டியில் இறங்கி
கழுதை முதுகில் வந்து
சம்பிரதி திருமேனியின் தராசில் ஏறும்.
குன்றிமணி எடை குறைந்தாலும்
என் நகக்கண்ணைத் திருப்பிப் பார்ப்பார்.
முன்வரிசை இருபதுக்கு மட்டும் அது,
மற்றதற்கெல்லாம் காவி.
தூரத்தில் நிற்கும் எதிரிக்கு இரண்டும் ஒரே சிவப்பு.
பக்கத்தில் வந்துவிட்டால்
நிறம் பார்க்க அவனுக்கு ஏது நேரம்?

இலையைக் குழலோடு பொருத்த
அரக்கும் செங்கல் பொடியும்.
இலைக்கு வேப்பெண்ணெய், மேலே தேன்மெழுகு.
அவ்வளவுதான். போகும்.

ஐப்பசி மழைக்கு முன் திரும்பி வந்தன.
எங்கே போயின என்று எனக்கு யாரும் சொல்வதில்லை.
பூச்சு சொல்லும்.
அடி தேய்ந்திருந்தால் ஊன்றி நடந்தவன்.
நடு தேய்ந்திருந்தால் தோளில் போட்டு
இரு முனையிலும் மூட்டை கட்டியவன்.
ஒன்றின் நடுவில் கரி: சோற்றுப்பானை தொங்கியிருக்கிறது.
இலையை ஒட்டித் தேய்ந்தது
நூற்றுக்கு மூன்று, நாலு.

நூற்றுப்பதினேழாவதில்
அடியிலிருந்து ஒரு முழம் மேலே
கத்திமுனைக் கீறல்கள்.
நாளுக்கு ஒன்றாக இருக்கும்.
எண்ணினேன், முப்பத்தொன்று.
கடைசிக் கீறல் நடுங்கவில்லை, பாதியில் நிற்கவில்லை,
முந்தியதைப் போலவே இருந்தது.
“யாருடையது?”
“காம்புக்குத்தான் கணக்கு, ஆளுக்கு இல்லை.
சுரண்டிப் பூசு” என்றார் திருமேனி.

சுரண்டவில்லை.
நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அதன் மேலேயே காவி அரக்கு, இரண்டு சுற்று.
கண்ணுக்கு மறைந்தது, விரலுக்கு மறையவில்லை.

தையில் அதை வாங்கிய பையன்
பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
“இங்கே மட்டும் சொரசொரன்னு இருக்கே?”
“வேர்த்தால் வழுக்காது” என்றேன்,
வாயில் வந்த பொய்.
அவன் சேர்வைக்காரரிடம் சொல்ல,
சேர்வைக்காரர் தடவிப் பார்த்து மெச்ச,
திருமேனி ஓலையில் ஏற்றிவிட்டார்:
பிடிவரி, காம்புக்கு ஒரு காசு கூடுதல்,
இருநூறுக்கும்.

கூத்தன் கயிற்றை நிறுத்திவிட்டுக் கேட்கிறான்:
“முப்பதோடு விட்டால் என்ன,
அந்த ஒன்று யாருக்குத் தெரியப்போகிறது?”
கத்தியைக் கல்லில் இழுத்து
நான் மறுபடி
ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.