தொழில்: இல்லை

ரீகாவில் நவம்பர் மாதம்
நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஆவணக் காப்பகத்தில் அதற்கும் முன்னால்.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது
ஒரு மார்ச் மாதத்து ரயில்.
பெயர், வயது, தொழில், பெட்டி எண்.
கையெழுத்து அழகாக இருக்கிறது,
அதுதான் தாங்கவில்லை.
யாரோ பேனாவை நன்றாகப் பிடித்து
கோட்டைத் தாண்டாமல், மை சிந்தாமல்
முப்பத்தேழு பக்கம் எழுதியிருக்கிறார்.

இன்று இருபத்திரண்டாம் பக்கம்.
தௌமந்த்ஸ். வயது இரண்டு.
தொழில்: இல்லை.

ஒரு கோடு இழுத்திருக்கலாம்.
கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம்.
நிதானமாக எழுதியிருக்கிறார், இல்லை என்று.

டிராமில் வீடு வந்தேன்.
லீவா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
"மூஞ்சியைப் பாரு.
குதிக்கிற மாதிரி ஏதாவது பாட்டுப் போடு."
போட்டேன்.
எழவு வீட்டுக்குள் வழி தவறி வந்த
கல்யாண மேளம் மாதிரி
வாசலிலேயே நின்று விழித்தது அது.
பாவம், அதன்மேல் தப்பில்லை.
நிறுத்தினேன்.

பிறகு செல்லோ.
சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கிய பழைய இசைத்தட்டு.
வாசித்தவர் பெயர் இருந்த இடத்தில்
உறை கிழிந்துபோயிருக்கிறது.
மூன்றாம் நிமிடத்தில் ஒரு கீறல்,
டக்கென்று ஒரு தடுக்கல்,
அதற்கப்புறமும் வில் இறங்கும்
கீழே, இன்னும் கீழே,
அடித் தந்தி வரைக்கும்.

"புண்ணிலேயே ஏன் குத்திக்கிறே?" என்றாள் லீவா.

என்ன சொல்ல.
பகலெல்லாம் நான் படிப்பது கணக்கு.
தொண்ணூற்றொரு பேர், நான்கு பெட்டி,
ஆளுக்கு இத்தனை கிலோ மூட்டை.
அந்தக் காகிதத்தில் எங்குமே
யாரும் அழவில்லை.
அத்தனை அழுகையும் எங்கே போயிற்று என்று
எனக்குள் ஏதோ ஒன்று
அலமாரி அலமாரியாகத் திறந்து பார்க்கிறது.

செல்லோவுக்குத் தௌமந்த்ஸைத் தெரியாது.
என்னையும் தெரியாது.
அடிக்குறிப்பு கேட்பதில்லை அது.
தன் ஆளுக்காகத் தான் அழுகிறது.
ரயில் நிலையத்து பெஞ்சில்
முன்பின் தெரியாத ஒருத்தி அழுதுகொண்டிருந்தால்
கொஞ்சம் தள்ளி நாமும் உட்காருவோமே,
அந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கிழங்கு வெந்துவிட்டது.
லீவா தட்டுகளை வைத்தாள்.
கீறல் வருகிற இடத்தில்
அவள் கை ஒரு நொடி நின்று
பிறகு முள்கரண்டியை வைத்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக்கு இருபத்துமூன்றாம் பக்கம்.

"வெண்ணெய் எங்கே?" என்று கேட்டேன்.
குரல் சரியாகத்தான் வந்தது.