சற்றுப் பொறுத்து வரவும்

ஏகாம்பரம் வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஒரு மேசை, ஒரு யூபிஎஸ், ஒரு பெட்டி.
பெட்டிக்குள் மூன்று தபால் கந்தோர்.

உப்புவெளியில் பல் பிடுங்கும் டொக்டர் பௌமியாவுக்கு ஒன்று.
மற்ற இரண்டும் ஐஸ் கொம்பனிகள்.
ஞானவரோதயனுடையது ஒன்று,
அவர் தங்கை சுகிர்தமலருடையது மற்றது.
ஒன்றாய் இருந்ததுதான், கோட்டுக்குப் போய் இரண்டானது.
தங்கையும் என்னிடம்தான் என்று அண்ணனுக்குத் தெரியாது.
தங்கைக்கும் அப்படியே.
அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

வட்டு ஒன்றுதான். மூன்றாய் அறுத்தேன்.
இணைய முகவரி மட்டும் மூன்று,
மூன்றுக்கும் மாதாமாதம் காசு.
ஒன்றே போதும் என்று முதல் வருஷம் மிச்சம் பிடித்தவள்தான் நானும்.
பௌமியாவின் கிளாக்கர் தன் பெயரையே கடவுச்சொல்லாய் வைக்க,
யாரோ ஒரே ராத்திரியில்
நாற்பதாயிரம் லொத்தர் கடிதம் அனுப்பிவிட்டான்.
உலகம் மூன்று பேரையும் சேர்த்தே கறுப்புப் பட்டியலில் போட்டது.
கொட்பேயில் மீனை இறக்கிவைத்து
ஐஸ் விலை கேட்டவனுக்குப் பதில் போகவில்லை,
பல்லுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று
ஞானவரோதயன் ஃபோனில் கத்தினார்.
ஒரு கூரை போதும்.
ஒரு வாசல் போதாது.

கன்னியாவில் ஏழு கிணறு, பக்கம் பக்கமாய்.
அள்ளும் வாளி ஒன்று, சூடு ஏழு விதம்.
அடியில் என்ன என்று யாரும் இறங்கிப் பார்த்ததில்லை.
என்னுடைய மூன்றில் நான் பார்த்திருக்கிறேன்:
அடியில் ஒரே இரும்பு,
தூசி,
மலிவான ஒரு விசிறி.

போன வெள்ளி, ராத்திரி இரண்டேகால்.
கரண்ட் போய் வந்திருந்தது.
மூன்றும் எழும்பிவிட்டனவா என்று பதிவேட்டை உருட்டினேன்.
ஒரு வரி.
அண்ணன் வாசலிலிருந்து தங்கை வாசலுக்கு.
ஆறு வருஷத்தில் முதல் தடவை.

உள்ளே என்ன இருந்தது தெரியாது.
பார்க்கலாம், பார்க்கமாட்டேன்.
அது சிங்கப்பூரில் யாரிடமோ விலாசம் விசாரித்து,
கடல் தாண்டித் திரும்பி,
தன் முதுகுக்குப் பின்னாலிருந்த கதவைத் தட்டியிருந்தது.
கதவு சொன்னது,
சொல்லிக்கொடுத்தவள் நான்தான்:
நானூற்று ஐம்பத்தொன்று.
முன்பின் அறியாத ஆள். சற்றுப் பொறுத்து வரவும்.

புதுமுகம் எவருக்கும் அதே பதில்தான்.
குப்பை கொட்டுகிறவனுக்கு அவசரம், திரும்பி வரமாட்டான்.
சொல்ல ஏதும் இருக்கிறவன் நின்று மறுபடி தட்டுவான் என்பது கணக்கு.
ஆளைப் பார்த்து மாற்றிய கணக்கு இல்லை அது.

ஒரு கட்டளை அடித்தால் உள்ளே விட்டிருக்கலாம்.
விரல் போனது.
எடுத்துவிட்டேன்.

கீழே இரண்டு மான்
மருந்துக்கடையின் மட்டைப்பெட்டியைக் கிழித்து மென்றுகொண்டு நின்றன.
கடிதம் படுத்திருந்த இடத்துக்கும்
போகவேண்டிய இடத்துக்கும் நடுவில்
ஒரு நகக்கண் இடைவெளி இருக்குமோ என்னவோ.
தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

இரண்டு முப்பத்தொன்றுக்குத் தட்டியது.
இருநூற்று ஐம்பது: ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவள் வாசித்தாளா, வாசிக்காமல் அழித்தாளா,
அது என் பதிவேட்டில் விழாது.

லைட்டை அணைத்தேன்.
விடிந்ததும் பௌமியாவின் கிளாக்கரைப் பிடிக்கவேண்டும்.
புதுக் கடவுச்சொல் வைத்திருக்கிறானாம்,
மகளின் பெயர்.