பாஸ்கா இரவு, மாதிரி எண் இரண்டு

குருத்து ஞாயிறு பூசை முடிந்து
சக்கிரிஸ்தியில் வைத்துத் தாளைக் கொடுத்தேன்.
கோவில் போர்வெல். காரீயம், லிட்டருக்கு 0.04 மில்லிகிராம்.
சட்டம் அனுமதிப்பது 0.01.
ஃபாதர் இருதயநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"நாலு மடங்கா?" என்றார்.
நாலு மடங்கு.
தாளில் ஒட்டியிருந்த ஓலை நாரை ஊதித் தள்ளினார்.

"இந்தத் தண்ணியிலயா உங்க தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம்?"
தலையில் மூன்று தரம் ஊற்றினால் ஒன்றும் ஆகாது ஃபாதர்,
தினம் குடிப்பதில்தான் இருக்கிறது.
கேன் வாங்கிடலாமே, முப்பத்தஞ்சு ரூபாதானே என்றார் உபதேசியார்.
"வேணாம். ஊர் குடிக்கிறதே இருக்கட்டும்."

திங்களன்று ஆய்வகத்தில் மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
'கண்டறியும் அளவுக்குக் கீழே'ன்னு போட்டுடேன் புளோரா,
யாருக்கு நஷ்டம்?
முதல் நற்கருணைக்கு மனப்பாடம் செய்த வயதில்
எட்டாம் கட்டளை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று நினைத்திருந்தேன்.
பொய்ச்சான்று சொல்லாதே.
அது நிறமாலைமானியின் முன் உட்கார்ந்திருப்பவளுக்காம்.
எண்ணை மாற்றவில்லை. இரண்டு நாள் தூங்கவுமில்லை.

பாஸ்கா இரவு.
உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்ப
அழுகிய முட்டை வாசம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது.
சாம்பிராணி கொஞ்சம் சண்டை போட்டுத் தோற்றது.
செங்கடல் பிளந்த வாசகத்தில்
கைப்பையைத் திறந்து முதல் குப்பியை நிரப்பினேன்.
மந்திரிப்பதற்கு முன், என்று லேபிளில் எழுதினேன்.

தூய ஆவியை அழைத்து
எரியும் பாஸ்கா திரியை மும்முறை தொட்டிக்குள் இறக்கினார்.
மெழுகு சொட்டியது.
போச்சு, மாதிரி கெட்டது என்றது என் மூளை,
அதே நேரம் முழங்கால் தானாக மடங்கியது.
எது முதலில் என்று என்னால் சொல்ல முடியாது.
இரண்டாம் குப்பி: மந்திரித்த பின்.
உலோகம் சுவரில் ஒட்டாதிருக்க
நானும் என் பங்குக்கு நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டேன்.
பிள்ளை வீறிட்டு அழுதது. நல்ல நுரையீரல்.

மன்றாட்டுகள்.
திருத்தந்தைக்காக, நோயாளிகளுக்காக, தேர்வெழுதும் பிள்ளைகளுக்காக.
பிறகு ஃபாதர் என் தாளை எடுத்தார்.
"நம் கிணற்றில் காரீயம் 0.04.
இருக்க வேண்டியது 0.01.
இதைச் செய்தவர்களுக்காகவும்
குடித்தவர்களுக்காகவும்
மன்றாடுவோம்."
பழக்க தோஷத்தில் முந்நூறு குரல்:
ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.
சொல்லி முடித்த பிறகுதான்
என்ன சொன்னோம் என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புதனன்று கம்பெனியிலிருந்து சட்டையை இன் செய்த ஒருவர் வந்தார்.
அந்த எண் யார் கொடுத்தது?
"அது மன்றாட்டு, சார். கடவுள்கிட்ட சொன்னது.
நடுவுல நீங்க எப்படிக் கேட்டீங்க?"

முடிவு கேட்பீர்கள்.
முன்: 0.04. பின்: 0.04.
மெழுகு எதையும் மாற்றவில்லை.
மாறும் என்று நான் நம்பினேனா?
இந்தக் கேள்வியை அறிக்கையின் எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை.

முதல் குப்பியைக் கழுவி அடுக்கிவிட்டேன்.
இரண்டாவது இன்னும் குளிர்பெட்டியில், மேல் தட்டில்.
மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.
நஞ்சு கலந்ததையும் கொட்டக் கூடாது.
இரண்டு விதிகளும்
ஒரே குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.