மூலையில் இருப்பவர்

கஸ்தூரியார் வீதி மருந்துக்கடையில்
பகல் முழுக்க மாத்திரை எண்ணுகிறவன் நான்.
போத்தல் வெறுமையானதும் அடியில் கிடக்கும்
ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை
சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன்.
முதலாளிக்குத் தெரியும். ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டில் ஒரு பிஸ்கட் தகரம்.
உள்ளே அந்தப் பொட்டலங்கள்,
அவற்றின் மேல் பதினொரு லென்ஸ்கள்.
கார்த்திகை மழைக்குக் கண்ணாடிக்குள்ளும் பூஞ்சணம் பிடிக்கும்.
பண்ணைக் காற்றில் உப்பு இருக்கிறது,
உப்புக்குப் பொறுமை இருக்கிறது.

"இவ்வளவும் வாங்கி வைச்சு
எங்களை ஒரு படம் எடுத்தனியளோ?"
வதனி கேட்பாள்.
எடுத்திருக்கிறேன். ஆரபியின் இமைமயிரை.
ஃபோகஸ் முன்னுக்கு விழுகிறதோ
பின்னுக்கு விழுகிறதோ என்று பார்க்க.
பிள்ளை பதினேழு தரம் கண் வெட்டாமல் இருந்து
பதினெட்டாம் தரம் தும்மினாள்.
அந்தத் தும்மல்தான் சட்டம் போட்டு
விறாந்தையில் தொங்குகிறது.

மற்றப்படி என் படங்கள் எல்லாம் ஒரே படம்:
குசினிப் பின்சுவரில்
நாலு மூலைக்கும் பசை பூசி ஒட்டிய பத்திரிகைத் தாள்.
மரண அறிவித்தல் பக்கம்.
பழிக்காதீர்கள்,
அவ்வளவு சின்ன எழுத்து வேறு பக்கத்தில் இல்லை.

நட்டநடுவில் அன்னலட்சுமி பஞ்சாட்சரம்,
பிறப்பிடம் புங்குடுதீவு, வதிவிடம் ஒஸ்லோ.
எந்த லென்ஸும் அவரைக் கைவிட்டதில்லை.
வாயை முழுதாய்த் திறந்து வைத்தாலும்
மூக்குத்தி வரை துலக்கம்.
மேல் இடது மூலையில்
நாவாந்துறை செபமாலை அந்தோனிமுத்து.
அவர் முகம் ஒருநாளும் வந்ததில்லை.
ஒன்றில் இழுபட்டார்.
ஒன்றில் ஊதாக் கரை கட்டினார்.
சோவியத் காலத்து ஐம்பத்தெட்டு மில்லிமீற்றரில்
சுழிக்குள் அகப்பட்டவர் மாதிரிச்
சுற்றிக்கொண்டிருந்தார்.

எழும்பிப்போய்ச் சுவரில் பார்க்கலாம்தானே என்பீர்கள்.
பார்த்தேன்.
அது வேறை.

ஆடியில், வெள்ளவத்தை ஆள் ஒருவர்
இரவு பஸ்ஸில் அனுப்பிவைத்தார் புது லென்ஸ்.
வதனியிடம் பாதி விலை சொன்னேன்.
பாதி விலைக்கே ஒரு கிழமை கதைக்கவில்லை.
கிணற்றுக்கட்டில் கமரா. அதற்குக் கீழே
அசையாமலிருக்க ஒரு கிலோ அரிசிப் பை.
எஃப் எட்டு. இரண்டு செக்கன் ரைமர்.
என் மூச்சையும் நிறுத்திவைத்தேன்,
என்னவோ நான்தான் கண்ணாடி போல.

கணினியில் பெருப்பித்தேன்.
பெயர் வந்தது. வயது வந்தது.
மருமக்களின் பெயர்களுக்கு நடுவே காற்புள்ளிகள்
வால் முளைத்து வந்தன.
முகத்துக்குப் போனேன்.

முகம் இல்லை.
கறுப்புப் புள்ளி, சாம்பல் புள்ளி, வெறும் தாள்,
பிறகும் புள்ளி. அச்சுக்கூடத்தின் அரிதட்டு.
கண் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு.
எண்ணிப் பார்த்தேன், எண்ணுவது என் தொழில்.

லென்ஸில் ஒரு பிழையும் இல்லை.
இவ்வளவு நல்ல லென்ஸ் என் கைக்கு வந்ததில்லை.
அதைக் கழற்றிப் பக்குவமாய் மூடி
பழைய ஐம்பத்தெட்டைத் திருகினேன்.
சுழியிலிருந்து ஒருவர்
என்னைப் பார்க்கப் போகிறவர் மாதிரி
பாதி திரும்பினார்.

அன்றிரவே அதன் பூஞ்சணத்தைத் துடைக்க
ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக் குந்தினேன்.
வளையத்தின் மூன்று ஆணியில் இரண்டு கழன்றது.
மூன்றாவது துள்ளி
எங்கேயோ ஓடிவிட்டது. அதோடு கரண்டும் போனது.

"அசையாதேங்கோ, மிதிச்சுப்போடுவியள்."
வதனி ரோச் லைற்றோடு வந்து
சீமெந்துத் தரையில் முட்டுக்காலில் நின்றாள்.
வெளிச்சத்தைச் சரித்துப் பிடிக்கச் சொன்னேன்,
சரித்தால் தூசிக்கும் நிழல் விழும்.
கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக் காலடியில்,
ஆரபியின் செருப்புக்குள்.
அரிசிக் குறுணியிலும் சிறிய ஆணி.

எழும்பி மற்றப் பக்கம் திரும்பினாள்.
அவளுடைய வலது முழங்காலில்
ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

நான் உடனே சொல்லவில்லை.