பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
பதினான்கு பெண்களும் நானும்.
கொதிகலனைப் பழுதுபார்க்க வந்தவன் என்று நினைத்து
ஒருத்தி வலதுபக்கக் கதவைக் காட்டினாள்.
இல்லை, இதற்குத்தான் வந்தேன் என்று
கடைப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

பையில் ஓர் ஆல்பம்,
பன்னிரண்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம்.
அமிலம் இல்லாத பசை.
இத்தனை நாள் அமிலத்தையா ஒட்டிக்கொண்டிருந்தோம் என்று
கடைக்காரப் பெண்ணிடம் கேட்கக் கூச்சம்.
அலை அலையாக வெட்டும் கத்தரி.
பாதி விலையில் கிடைத்ததால்
குழந்தை பிறப்புக்கான ஸ்டிக்கர்கள்.
எனக்குக் குழந்தை இல்லை.

மினசோட்டாவின் வடகோடியில்
நவம்பர் முதல் ஏப்ரல் வரை
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
பத்தொன்பது குளிர்காலம்.
இருட்டில், தள்ளிய பனி எகிறி
யார் வீட்டுத் தபால்பெட்டியாவது சாய்ந்தால்
இறங்கிப்போய்ப் படம் எடுக்க வேண்டும்.
ஒரு பிரதி அலுவலகத்துக்கு,
ஒன்று எனக்கு.
நாற்பத்தொரு பெட்டிகள்.
ஷூ டப்பாவில் கிடந்தன,
எதற்கென்று தெரியாமல்
எறியவும் மனம் வராமல்.

என் மேசையில் மற்றவர்கள் பரப்பியிருந்தது
ஞானஸ்நானம், பட்டமளிப்பு,
தூண்டிலில் முதல் மீன்.
நான் பரப்பியது
கழுத்து முறிந்த தகரம்.

"வெட்டுங்கள், டாரல்" என்றாள் லவோன்,
"பயந்தால் பக்கம் நிறையாது.
தேவையில்லாத வானத்தை எடுத்துவிடுங்கள்."
பார்த்தேன்.
எல்லாம் வெள்ளை.
எதுவரை பனி,
எங்கிருந்து வானம்?
அரைமணி நேரம்
கத்தரியைத் திறந்து திறந்து மூடினேன்.

எதிரே காகிதத்தில் பூ குத்திக்கொண்டிருந்தவள்
நிறுத்தினாள்.
"அது என் மீன்."

இருபத்தேழாவது படம்.
பச்சை வாலை மீன் வடிவத்தில் ஒரு பெட்டி.
வாயைத் திறந்து கடிதம் வாங்கும்.
படத்தில் பள்ளத்தில் கிடக்கிறது,
வாயைத் திறந்தபடி.

பெயர் மெர்லிஸ்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
தன் ஆல்பத்தை என் பக்கம் திருப்பினாள்.
இடப்பக்கம் ஒரு கடிதம்,
நனைந்து காய்ந்து அப்பளமாய்ப் புடைத்து,
மை நீலக் குளமாகப் பரவி.
"தம்பி அலாஸ்காவிலிருந்து போட்டது.
அன்று மீனுக்குள் இருந்தது."
என்ன எழுதியிருந்தார் என்றேன்.
"போனில் கேட்டேன். அவனுக்கும் ஞாபகமில்லை.
பணம் கேட்டிருப்பான்."

வலப்பக்கம்
படம் செருகும் மூலைகள் நான்கு ஒட்டியிருந்தன.
நடுவில் ஒன்றுமில்லை.
வேலை முடிந்து அவள் வருவதற்குள்
மாவட்டத்து ஆட்கள்
சாம்பல் நிறத்தில் நேரான ஒரு பெட்டியை
நட்டுவிட்டுப் போயிருந்தார்களாம்.

வைத்துப் பார்த்தோம்.
என் படம் அரை அங்குலம் பெரிது.
ஓரத்தில் என் லாரியின் அலகு
மஞ்சளாய்த் துருத்திக்கொண்டு தெரிந்தது.
"இதை வெட்டிவிடுகிறேன்" என்றேன்.
"அது இருக்கட்டும்" என்றாள்.
"வானத்தை வெட்டுங்கள்."

வெட்டினேன்.
அலைக்கத்தரி என்பது மறந்துபோய்
மேல்விளிம்பு பல் பல்லாக வந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மீன் நான்கு மூலைக்குள் உட்கார்ந்தது.

என் கையில் மிஞ்சியது
விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு,
வானமோ பனியோ.
ஆல்பத்தின் முதல் பக்கத்தில்
அதை ஒட்டினேன், கொஞ்சம் கோணலாக.
அடியில் ஏதாவது எழுத வேண்டும் என்றார்கள்.
ஸ்டிக்கர்களைப் புரட்டினேன்.
கொக்கு வேண்டாம், பால்புட்டி வேண்டாம்.
"பிறந்த நேரம்" என்று ஒன்று இருந்தது,
பக்கத்தில் கோடு.

காலை ஐந்து நாற்பது
என்று நிரப்பினேன்.
பேனாவைக் கீழே வைக்க முடியவில்லை.
பசை.