மரம் எண் நாற்பத்தேழு

தரகர் குறித்த இடம் கோயில்.
கோயிலுக்கு எங்கள் மில் சனம் வரும், வேண்டாமுங்க என்று
பூங்காவைச் சொன்னது நான்தான்.

வாசல் தூணில் ஒரு கல்வெட்டு.
வருசா வருசம் பூசிய சுண்ணாம்பில்
எழுத்துகள் பல் முளைக்காத ஈறு மாதிரி.
திறந்து வைத்த துரையின் பெயரில்
மிச்சம் ஒரு 'ன்'.
பணம் கொடுத்தவர் பெயரில் அதுவும் இல்லை.

அவர் முன்னாலேயே வந்திருந்தார்.
ஆறுக்குட்டி, வயது ஐம்பத்தொன்று,
பீளமேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை.
குளித்துத்தான் வந்திருக்கிறார்
ஆனாலும் வார்னிஷ் வாசம்.
கையில் தேங்காய் பன் பொட்டலம்,
கொடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல்
எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

"இந்த மரத்துக்கு வயசு எத்தன இருக்குமுங்க?"
தூங்குமூஞ்சி மரம்.
அடிமரத்தில் மாநகராட்சியின் மஞ்சள் வட்டம்,
உள்ளே எண்: 47.
எனக்கும் அதுதான் வயது. சொல்லவில்லை.

பேண்டு வாசித்த எண்கோண மேடையில்
குரூப் ஃபோர் பிள்ளைகள்.
"சிந்துவெளி முத்திரையில் இல்லாத விலங்கு?"
ஒருத்தி கேட்கிறாள்.
"குதிரை" என்கிறார்கள் மூன்று பேர்.
எங்களுக்கு அது தெரியாது
தெரிந்த மாதிரி தலையாட்டினோம், இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்.

அவருடைய முதல் சம்சாரம் பற்றி நான் கேட்கவில்லை.
என்னுடைய அந்த எட்டு வருசத்தை அவரும்.

குட்டி ரயில் கவுண்ட்டரில்
'குழந்தைகள் இன்றிப் பெரியவர்களுக்கு அனுமதி இல்லை.'
பலகையை இரண்டு தடவை படித்தார்.
பின்னால் நின்ற அம்மா
"எனக்குத் தலை சுத்துமுங்க, இவனோட நீங்க ஏறிக்கங்க"
என்று மகனை எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

நடுவில் உட்கார்ந்தான் கவின்.
தேங்காய் பன் பிரிந்தது, ஒரு வழியாக.
காலிக் கூண்டுகள் நகர்ந்தன,
பலகைகளில் பெயர் மட்டும் குடியிருக்க.
"நரி எங்கீங்க?"
"லீவுல போயிருக்குது சாமி."
"எப்ப வரும்?"
அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு?"
என்று அவன் கேட்டபோது
பாதை வட்டம் முடிந்துவிட்டது,
நல்லவேளை.

கிளம்பும்போது குழாயடி.
கைகுவித்து ஒரு வாய் குடித்துவிட்டு
"பில்லூர் தண்ணி" என்றார்.
நானும் குடித்தேன்.
"இல்லீங்க, சிறுவாணி."
"பில்லூருங்க."
"பேரூர் ரோட்டுல பொறந்து வளந்தவளுங்க நான்.
பீளமேட்டு நாக்குக்கு என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.
அவர் இன்னொரு வாய் குடித்தார்,
கண்ணை மூடி, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி.
மீசையிலிருந்து சொட்டியது.

அடுத்த ஞாயிறு பொழுதோட
வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருகிறாராம்,
ஒத்துப் பார்க்க.
நானும் எங்கள் குழாயிலிருந்து
ஒரு பாட்டில் கொண்டு வர வேண்டுமாம்.

பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கட்டும் என்றார்,
பஸ் படியில் நின்ற என்னிடம்.